‘வொன் தி எலெக்ஷன்’ஆ ‘வொன் இன் தி எலெக்ஷன்’ஆ? ஃப்ளெக்ஸ் பிரிண்ட்டுக்கு போகணும், சீக்கிரம் சொல்லுங்க

திருவல்லிக்கேணி டிடிபி:
எல்லாருக்கும் வணக்கம். திருவல்லிக்கேணியில சின்னதா ஒரு டிடிபி கடை வெச்சிருக்கேன், கல்யாண பத்திரிகை, விசிட்டிங் கார்டு, ஃப்ளெக்ஸ் டிசைன்னு ஓடுது. நேத்து எங்க ஏரியா வியாபாரிகள் சங்கத்துக்கு தேர்தல், ஜெயிச்ச தலைவரோட ஆளுங்க ராத்திரி ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கப் போற நேரத்துல வந்து நாளைக்கு சாயங்காலம் பதவியேற்பு, சங்க ஹால்ல மாட்ட பத்துக்கு எட்டு சைஸ்ல ஃப்ளெக்ஸ் வேணும்னு நின்னுட்டாங்க. தமிழ்ல ‘வெற்றி வாகை சூடிய எங்கள் அண்ணன்’னு போட்டாச்சு, அதுல பிரச்சனை இல்ல. கீழ இங்கிலீஷ்ல ஒரு லைன் வேணுமாம், ஏன்னா தலைவரோட சம்பந்தி பெங்களூர்ல இருந்து வர்றாராம், அவருக்கு தமிழ் படிக்க வராதாம். பேப்பர்ல மூணு பேர் மூணு விதமா எழுதி குடுத்திருக்காங்க:

‘கங்கிராஜுலேஷன்ஸ் ஃபார் வொன் இன் தி எலெக்ஷன்’
‘வி விஷ் அவர் பிரசிடெண்ட் ஃபார் ஹிஸ் லேண்ட்ஸ்லைட் விக்டரி’
‘ஹி வொன் ஹிஸ் ஆப்பொனென்ட் வித் 37 வோட்ஸ்’

மூணுலயும் ஏதோ இடிக்குது, ஆனா எங்க இடிக்குதுன்னு கேட்டா எனக்கு சொல்ல தெரியல. விழுந்த ஓட்டு 391, இவருக்கு 214, எதிர்ல நின்னவருக்கு 177. காலையில பத்து மணிக்கு ஃபைல் அனுப்பணும்.

பெரம்பூர் லோகோ:
சம்பந்திக்கு கன்னடத்துல போட்டுடுங்க, பிரச்சனை முடிஞ்சுது.

திருவல்லிக்கேணி டிடிபி:
அண்ணே விளையாடாதீங்க, அவர் மார்வாடி.

பழைய சப் எடிட்டர்:
தம்பி, நான் ஒரு இங்கிலீஷ் பேப்பர் டெஸ்க்ல இருபத்திரெண்டு வருஷம் உக்காந்தவன். ஒவ்வொரு கவுண்டிங் ராத்திரியும் நிருபர்கள் அனுப்புற காப்பியில நான் முதல்ல தேடுறது இந்த ‘இன்’ தான். நம்ம ஆளுங்களுக்கு இது ஏன் திரும்ப திரும்ப வருதுன்னா, நாம தமிழ்ல ‘தேர்தலில் ஜெயிச்சார்’னு சொல்றோம், அந்த ‘இல்’ தலைக்குள்ள உக்காந்துக்கிட்டு இங்கிலீஷ் எழுதும்போதும் ‘இன்’னா வந்து குதிக்குது. தமிழ்ல தேர்தல்ங்கிறது ஜெயிக்கிற இடம், களம் மாதிரி, அந்தக் களத்துல நின்னு ஜெயிக்கிறோம். இங்கிலீஷ்ல தேர்தல்ங்கிறது ஜெயிக்கிற பொருள். கப்பை ஜெயிக்கிற மாதிரி, பரிசை ஜெயிக்கிற மாதிரி தேர்தலையே ஜெயிச்சு வீட்டுக்கு தூக்கிட்டு போறாங்க. அதனால ‘வொன் தி எலெக்ஷன்’, நடுவுல ‘இன்’ கிடையாது. ஆனா ‘விக்டரி’னு பெயர்ச்சொல்லா போட்டீங்கன்னா அந்த ‘இன்’ திரும்ப வந்துடும், ‘விக்டரி இன் தி எலெக்ஷன்’ சரி. இந்த ஒரு இடத்துல தான் பாதிப் பேர் வழுக்குறாங்க, ஏன்னா ஒண்ணு சரின்னா இன்னொண்ணும் சரியா இருக்கணும்னு தோணும்ல. ‘ஃபார் வொன்’ எல்லாம் கணக்குலயே வராது, ‘வின்னிங்’னு வரணும்.

பெரம்பூர் லோகோ:
சார் அப்போ ‘கட்சி தமிழ்நாட்டுல ஜெயிச்சுது’ன்னா? ‘வொன் இன் தமிழ்நாடு’னு தானே டிவியில ஓடுது, அங்க ‘இன்’ இருக்கே.

பழைய சப் எடிட்டர்:
நல்ல கேள்வி. அங்க தமிழ்நாடு நிஜமாவே இடம், என்னத்த ஜெயிச்சாங்கன்னு சொல்லல, எங்க ஜெயிச்சாங்கன்னு தான் சொல்றோம். ‘வொன் தமிழ்நாடு’னும் எழுதலாம், அப்போ மாநிலத்தையே அள்ளிட்டாங்கன்னு அழுத்தம் கூடும். தேர்தல் இடம் இல்ல தம்பி, அவ்ளோ தான். ‘வொன் இன் 2021’ சரி, ‘வொன் இன் கொளத்தூர்’ சரி. ‘வொன் இன் தி எலெக்ஷன்’னா டெஸ்க்ல சிவப்பு பேனா. சத்தியமா தப்பான்னு கேட்டா, வெள்ளைக்காரனும் அப்பப்போ ‘வொன் இன் தி எலெக்ஷன்ஸ்’னு எழுதுறான், கழுத்தை எல்லாம் வெட்ட மாட்டாங்க, ஆனா ஃப்ளெக்ஸ்ல பத்தடிக்கு நிக்கப் போற வரியில எதுக்கு வம்பு.

கீழ்ப்பாக்கம் டீச்சரம்மா:
மூணாவது லைன் பத்தி யாருமே பேசல, எனக்கு அதைப் பாத்ததும் வயிறு எரியுது. ‘வொன் ஹிஸ் ஆப்பொனென்ட்’. ஒன்பதாம் க்ளாஸ் பேப்பர் திருத்தும்போது ‘இண்டியா வொன் பாகிஸ்தான்’னு எழுதாத பையனே கிடையாது. காரணம் மேல சார் சொன்ன அதே தமிழ் தான் ஆனா தலைகீழா வேலை செய்யுது. தமிழ்ல ‘ஜெயி’ங்கிற ஒரே வினை ரெண்டு வேலையையும் பாக்குது, ‘தேர்தல்ல ஜெயிச்சான்’னும் சொல்லலாம், ‘அவனை ஜெயிச்சான்’னும் சொல்லலாம். இங்கிலீஷ்ல இதுக்கு ரெண்டு ஆள். போட்டியை, பரிசை, ஓட்டை, சீட்டை எல்லாம் ‘வின்’ பண்ணணும். எதிராளியை ‘பீட்’ பண்ணணும் இல்ல ‘டிஃபீட்’ பண்ணணும். எதிராளியை ‘வின்’ பண்ணினா அவரு ஏதோ லாட்டரி பரிசு மாதிரி இவருக்கு விழுந்துட்டார்னு அர்த்தம். இதுல ‘வொன் ஓவர்’னு மாத்தி எழுதி தப்பிச்சோம்னு நினைக்கிறவங்களும் உண்டு, அது இன்னும் மோசம், ‘வொன் ஓவர் ஹிஸ் ஆப்பொனென்ட்’னா எதிராளியோட மனசை மாத்தி தன் பக்கம் இழுத்துட்டார்னு ஆயிடும். ‘விக்டரி ஓவர்’ சரி, ‘வொன் ஓவர்’ வேற கதை.

ரெண்டாவது லைன்ல ‘விஷ்’. நமக்கு வாழ்த்துங்கிறது ஒரே வார்த்தை, பரீட்சைக்கு போறவனுக்கும் வாழ்த்து பாஸானவனுக்கும் வாழ்த்து. இங்கிலீஷ்ல நடக்கப் போறதுக்கு தான் ‘விஷ்’, நடந்து முடிஞ்சதுக்கு ‘கங்கிராஜுலேட்’. அதுவும் ‘ஆன்’ போட்டு, ‘கங்கிராஜுலேஷன்ஸ் ஆன் யுவர் விக்டரி’. கவுண்டிங் முடிஞ்சப்புறம் ‘விஷ்’ பண்ணினா மறுபடியும் நிக்கப் போறாரான்னு சம்பந்தி கேப்பார்.

வியாசர்பாடி வேங்கை:
இன்னாப்பா டீச்சரம்மா இப்டி போட்டு தாக்கிகினு கீறாங்க. ஒரு டவுட்டு, 37 ஓட்டுல ஜெயிச்சாருன்னு தானே நாம சொல்றோம், அப்போ ‘வித் 37 வோட்ஸ்’னா கரெக்டா தானே வருது? ‘இல்’லுக்கு ‘இன்’ கெடையாதுன்னுட்டீங்க சரி, ‘வித்’துக்கு இன்னா கேடு?

பழைய சப் எடிட்டர்:
வேங்கை, கேள்வியில தான் பதில் இருக்கு. ‘வித் 37 வோட்ஸ்’னா மொத்தமே 37 ஓட்டு வாங்கி ஜெயிச்சார்னு அர்த்தம். வித்தியாசத்தை சொல்லணும்னா ‘பை’. 2021 சட்டமன்றத் தேர்தல்ல நம்ம டி.நகர் ஞாபகம் இருக்கா, திமுக ஜெ.கருணாநிதி அதிமுக சத்தியநாராயணனை 137 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சார். ரெண்டு பேரும் ஆளுக்கு 55 ஆயிரத்துக்கு மேல வாங்கியிருந்தாங்க. அதை ‘வொன் வித் 137 வோட்ஸ்’னு எழுதினா, டி.நகர்ல ஜனமே இல்லையா, ரங்கநாதன் தெருவுல ஒரு கடைக்குள்ள நிக்கிற கூட்டமே அதைவிட ஜாஸ்தி ஆச்சேன்னு படிக்கிறவன் கேப்பான். ‘வொன் பை 137 வோட்ஸ்’. நாம பேச்சுல ‘வித்தியாசத்துல’ங்கிற வார்த்தையை முழுங்கிடுறோம், கேக்குறவனுக்கு தமிழ்ல புரிஞ்சிடுது. இங்கிலீஷ்ல அந்த வேலையை ஒரு சின்ன ‘பை’ பாக்குது, அதை மாத்தினா கணக்கே மாறிடும்.

நியூஜெர்சி மாப்ள:
இதுல இன்னொரு சிக்கல் இருக்கு சார். மாம்பலத்துல இருந்தப்போ நான் ‘மெஜாரிட்டி ஆஃப் 137’னு படிச்சு வளந்தவன். பிரிட்டிஷ்காரங்க ஓட்டு வித்தியாசத்தையே ‘மெஜாரிட்டி’னு தான் சொல்வாங்க. இங்க அமெரிக்காவுல ஆஃபீஸ்ல அப்படி சொன்னா முழிப்பாங்க, இவங்களுக்கு மெஜாரிட்டின்னா பாதிக்கு மேல, வித்தியாசம்னா ‘மார்ஜின்’. பாதிக்கு கீழ வாங்கியும் மத்தவங்களை விட ஜாஸ்தின்னா ‘ப்ளூராலிட்டி’. அதே மாதிரி இங்க ‘வொன் எலெக்ஷன் டு தி செனட்’னு ‘தி’ கூட இல்லாம எழுதுவாங்க, முதல்ல பாத்தப்போ டைப்பிங் மிஸ்டேக்னு நினைச்சேன். அங்க எலெக்ஷன்னா தேர்தல் இல்ல, தேர்ந்தெடுக்கப்படுறதுங்கிற அர்த்தம். இன்னொண்ணு ‘கேரிட் தி ஸ்டேட்’, மாநிலத்தை சுமந்தார்னு வருதேன்னு சிரிப்பேன், அந்த மாநிலத்துல ஜெயிச்சார்னு அர்த்தம்.

ஜெயிக்கிறதுலயே ரெண்டு வகை வெச்சிருக்காங்க. 2016ல ட்ரம்ப் ‘வொன் தி எலெக்ஷன், லாஸ்ட் தி பாப்புலர் வோட்’. ஹிலாரிக்கு நாடு முழுக்க 28 லட்சத்துக்கும் மேல ஓட்டு ஜாஸ்தி, ஆனா அதிபரை முடிவு பண்ற எலெக்டோரல் காலேஜ்ல, அதாவது மாநிலவாரியா வர்ற பிரதிநிதிகள் போடுற ஓட்டுல, 304க்கு 227னு போச்சு.

பெரம்பூர் லோகோ:
நம்ம ஊர்லயும் உண்டே. 2006ல திமுக 96 சீட்டு, மெஜாரிட்டிக்கு 118 வேணும், அஞ்சு வருஷமும் ஜெயலலிதா ‘மைனாரிட்டி திமுக அரசு’ன்னே தான் சொல்லிட்டு இருந்தாங்க, ஒரு அறிக்கையில கூட விட்டதில்ல. அப்போ திமுக எலெக்ஷன் ஜெயிச்சுதா இல்லையா?

பழைய சப் எடிட்டர்:
கூட்டணி ஜெயிச்சுது, 163 சீட்டு. கட்சி ‘சிங்கிள் லார்ஜஸ்ட் பார்ட்டி’. அதனால அந்த வருஷம் நாங்க கட்சி பேரை வெச்சு ‘வொன் எ மெஜாரிட்டி’னு எழுத முடியாது, ‘டிஎம்கே லெட் அலையன்ஸ் வொன் தி எலெக்ஷன்’னு எழுதினோம். இந்த இழையில கட்சி சண்டை மட்டும் ஆரம்பிக்காதீங்கப்பா, டிடிபி தம்பிக்கு காலையில ஃபைல் போகணும்.

திருவல்லிக்கேணி டிடிபி:
நன்றி சார், டீச்சரம்மா உங்களுக்கும் ரொம்ப நன்றி. இப்போ லேண்ட்ஸ்லைட் மேட்டர். ஆளுங்க அந்த வார்த்தையை விடவே மாட்டேங்கிறாங்க. 214க்கு 177 லேண்ட்ஸ்லைடா?

வியாசர்பாடி வேங்கை:
லேண்ட்ஸ்லைடுன்னா மண்ணு சரியிறது தானே? நீலகிரியில மழை பேஞ்சா வர்றது. ஒரு தபா போன்ல ட்ரான்ஸ்லேட் போட்டு பாத்தேன், ‘நிலச்சரிவு வெற்றி’ன்னு வந்துச்சு, எவன் வூடு போச்சோன்னு பயந்துட்டேன்.

பழைய சப் எடிட்டர்:
வேங்கை சொல்றது சிரிப்பா இருந்தாலும் உருவகம் அதே தான். எதிர்க்கட்சி நிக்கிற மண்ணே மொத்தமா சரிஞ்சு போறது. இதுக்கு சட்டத்துல அளவு எதுவும் கிடையாது, இத்தனை சதவீதத்துக்கு மேலன்னு எவனும் கோடு போடல, ஆனா கேட்டதும் ஒரு படம் மனசுல வரணும். 1971ல திமுக 234ல 184, அது லேண்ட்ஸ்லைட். 1991ல அதிமுக காங்கிரஸ் கூட்டணி அடிச்ச அடியில திமுகவுக்கு மொத்தமே ரெண்டு சீட்டு, ரெண்டுமே மெட்ராஸ்ல, துறைமுகமும் எழும்பூரும், அதுலயும் துறைமுகத்துல கலைஞர் 890 ஓட்டுல தான் தப்பிச்சார். அது லேண்ட்ஸ்லைட். அஞ்சே வருஷத்துல அப்படியே திரும்பி 1996ல திமுக 173, அதிமுக 4, முதலமைச்சரா இருந்த ஜெயலலிதாவே பர்கூர்ல 8,366 ஓட்டுல தோத்தாங்க. அதுவும் லேண்ட்ஸ்லைட். அன்னிக்கு ராத்திரி டெஸ்க்ல தலைப்புக்கு வார்த்தை கிடைக்காம அலைஞ்சோம், லேண்ட்ஸ்லைட் அஞ்சு வருஷம் முன்னாடி தான் போட்டுட்டோம்னு ஒருத்தர் ‘ரவுட்’னார், ஒருத்தர் ‘அவலாஞ்ச்’னார், பனியே இல்லாத ஊர்ல பனிச்சரிவான்னு எடிட்டர் கத்தினார்.

‘க்ளீன் ஸ்வீப்’ வேற. அதுக்கு மிச்சமே இருக்கக் கூடாது, விளக்குமாறு போட்டு கூட்டின மாதிரி. 2004ல திமுக கூட்டணி தமிழ்நாடு 39ம் புதுச்சேரி ஒண்ணும் சேர்த்து 40க்கு 40, 2024லயும் அதே 40க்கு 40, அது க்ளீன் ஸ்வீப். 2019ல தேனி ஒண்ணு மட்டும் போச்சு, அப்போ ‘க்ளீன்’ போடக் கூடாது. போட்டவங்களும் உண்டு, நான் தடுத்தேன், தேனிக்காரன் மனுஷன் இல்லையா.

நியூஜெர்சி மாப்ள:
ஆனா சார், லேண்ட்ஸ்லைட் சீட்டை வெச்சா ஓட்டை வெச்சா? பிரிட்டன்ல 2024ல லேபர் கட்சி 650ல 411 சீட்டு வாங்கிச்சு, எல்லா பேப்பர்லயும் லேண்ட்ஸ்லைட்னு போட்டான், ஓட்டு சதவீதம் பாத்தா 34 கூட இல்ல. மூணுல ரெண்டு பேர் வேற யாருக்கோ போட்டிருக்கான். மண்ணு எங்க சரிஞ்சுது?

பழைய சப் எடிட்டர்:
சீட்டை வெச்சு தான். நம்ம முறையே அப்படி, ஒவ்வொரு தொகுதியிலயும் முதல்ல வர்றவன் எடுத்துக்குவான், மத்த ஓட்டெல்லாம் அங்கேயே கரைஞ்சிடும். அதனால 2021ல திமுக கூட்டணிக்கு 159, அதிமுக கூட்டணிக்கு 75னு பாக்க பெரிய வித்தியாசமா தெரியும், ஓட்டுல பாத்தா ரெண்டு அணிக்கும் நடுவுல ஆறு சதவீதம் கூட இல்ல. அதை நான் லேண்ட்ஸ்லைட்னு எழுத மாட்டேன், ‘டிசைசிவ் விக்டரி’ ‘கம்ஃபர்டபிள் மெஜாரிட்டி’ இப்படித் தான் எழுதுவேன். வேற டெஸ்க்ல வேற மாதிரி எழுதியிருப்பாங்க, சண்டைக்கு வரல.

சங்கத் தேர்தலுக்கு வருவோம். தலைவர் பதவின்னு ஒரே ஒரு சீட்டு, நூத்துக்கு கிட்டத்தட்ட 55 வாங்கியிருக்கார். இதுக்கு லேண்ட்ஸ்லைட்னா தோத்தவர் சிரிப்பார்.

கிண்டி கேலரி:
யாரும் குதிரையை பத்தி பேசலையேன்னு காத்துக்கிட்டு இருந்தேன். எங்க பெரியப்பா சீசன்ல ஒரு நாள் விடாம கிண்டி ரேஸுக்கு போவார், நான் கூடவே போயி வளந்தவன், 2024 செப்டம்பர்ல கவர்மெண்ட் சீல் வெச்சப்போ வீட்ல துக்கம் மாதிரி உக்காந்திருந்தார். எலெக்ஷன் இங்கிலீஷ்ல பாதி குதிரை லாயத்துல இருந்து வந்தது. கவுண்டிங் அன்னிக்கு டிவியில ‘நெக் அண்ட் நெக்’னு கத்துறானே, ரெண்டு குதிரையும் கழுத்தோட கழுத்தா ஓடுறது. ‘வொன் ஹேண்ட்ஸ் டவுன்’னா ஜெயிப்பு உறுதின்னு தெரிஞ்சதும் ஜாக்கி கடிவாளத்தை தளர்த்தி கையை கீழ இறக்கிடுவான், அடிக்கவே வேணாம், குதிரை தானா வரும். ‘ஃபர்ஸ்ட் பாஸ்ட் தி போஸ்ட்’னு சார் மேல சொன்னாரே நம்ம தேர்தல் முறை, அந்த போஸ்ட் தபால் இல்ல, பந்தயம் முடியிற இடத்துல நட்ட கம்பம். ‘டார்க் ஹார்ஸ்’ கருப்பு குதிரைன்னு பல பேர் நினைக்கிறாங்க, யாருக்கும் விவரம் தெரியாத குதிரை, அவ்ளோ தான், வெள்ளையா கூட இருக்கலாம். ‘ஆல்ஸோ ரேன்’ முதல் மூணுக்குள்ள வராத குதிரைங்க பேரை கீழ சும்மா போடுவாங்களே அது. டெபாசிட் போன சுயேச்சைங்களுக்கு அளவெடுத்து தெச்ச வார்த்தை.

இதுல முக்கியமா ஒண்ணு, ‘வாக்கோவர்’. நம்ம ஆளுங்க சுலபமா ஜெயிச்சா அதை போட்டுடுறாங்க. நிஜத்துல மத்த குதிரைங்க எல்லாம் விலகிட்டு ஒரே குதிரை மிஞ்சினா அது சும்மா நடந்து போயி கோட்டை தாண்டணும், தாண்டினா தான் பரிசு. அது தான் வாக்கோவர். அண்ணனுக்கு எதிர்ல ஒருத்தர் நின்னு 177 வாங்கியிருக்கார், வாக்கோவர் போட்டா அவர் நிக்கவே இல்லன்னு ஆயிடும்.

லா காலேஜ் பெஞ்ச்:
நிக்கவே இல்லைன்னா அதுக்கு ‘எலெக்டட் அனப்போஸ்ட்’. 2024 மக்களவைத் தேர்தல்ல சூரத்ல முகேஷ் தலால் அப்படித் தான் வந்தார், மத்தவங்க மனு தள்ளுபடி இல்லன்னா வாபஸ், ஓட்டுப் பதிவே நடக்கல. அங்க ‘வொன்’னு போடுறதுக்கே எனக்கு ஒரு மாதிரி இருக்கும், போட்டியே இல்லாம என்னத்த ஜெயிச்சார், ‘வாஸ் டிக்ளேர்ட் எலெக்டட்’ தான் பொருத்தம்.

சட்டத்துல இதுக்கு ஒரு அழகான குழப்பம் இருக்கு. 1951 மக்கள் பிரதிநிதித்துவ சட்டத்துல 79வது பிரிவுல ஜெயிச்சவருக்கு பேரு ‘ரிடர்ன்ட் கேண்டிடேட்’. நாங்க முதல் வருஷம் படிக்கும்போது ஒரு நண்பன் பரீட்சையில ‘திரும்பி வந்த வேட்பாளர்’னு தமிழ்ல எழுதிட்டான், எங்க போயிட்டு வந்தார்னு சார் பக்கத்துல சிவப்புல எழுதி குடுத்தார். ‘ரிடர்ன்’னா இங்க தேர்ந்தெடுத்து அனுப்புறது, அந்த அதிகாரிக்கு ‘ரிடர்னிங் ஆஃபீஸர்’னு பேர் வந்ததும் அதனால தான். அதே ரிடர்ன் ‘ரிடர்ன்ட் டு பவர்’னு வந்தா நிஜமாவே திரும்பி வந்தார், மறுபடி ஆட்சிக்கு வந்தார்னு அர்த்தம்.

‘வொன்’னுக்கும் ‘டிக்ளேர்ட் எலெக்டட்’டுக்கும் நடுவுல ஒரு பள்ளம் இருக்கு, அதுல விழுந்தது ராதாபுரம் தொகுதி. 2016ல அதிமுக இன்பதுரை திமுக அப்பாவுவை 49 ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சதா அறிவிச்சாங்க, தபால் ஓட்டு தகராறு கோர்ட்டுக்கு போயி 2019ல ஹைகோர்ட் மறு எண்ணிக்கைக்கு உத்தரவு போட்டு, எண்ணியும் முடிச்சாங்க, ரிசல்ட்டை வெளியிட சுப்ரீம் கோர்ட் தடை போட்டுடுச்சு. 2021ல அதே தொகுதியில அப்பாவு ஜெயிச்சு சபாநாயகராவே ஆயிட்டார். அந்த மாதிரி கேஸ்ல ‘வொன்’னு கண்ண மூடிட்டு எழுதாம ‘வாஸ் டிக்ளேர்ட் தி வின்னர்’னு எழுதினா யாரும் கேள்வி கேக்க முடியாது.

பெரம்பூர் லோகோ:
49ங்கிறது நூலிழை. ‘வொன் பை எ த்ரெட்’னு சொல்லலாமா?

கீழ்ப்பாக்கம் டீச்சரம்மா:
கூடாது. இங்கிலீஷ்ல நூல்ல தொங்கத் தான் முடியும், ‘ஹேங்கிங் பை எ த்ரெட்’, நூல்ல ஜெயிக்க முடியாது. நூலிழைக்கு பதிலா மயிரிழைக்கு மாறுங்க, ‘பை எ விஸ்கர்’, பூனையோட மீசை மயிர். இந்த ஒரு இடத்துல ரெண்டு மொழியும் ஒரே மயிரை பிடிச்சுக்கிட்டு நிக்குது. அதே மாதிரி ‘மண்ணைக் கவ்வினார்’ அப்படியே ‘பிட் தி டஸ்ட்’. ஆனா இதை நம்பி எல்லாத்தையும் நேரா மாத்தினா மாட்டிக்குவீங்க. ‘வெற்றிக் கனியைப் பறித்தார்’ங்கிறதை ‘ப்ளக்ட் தி ஃப்ரூட் ஆஃப் விக்டரி’னு ஒரு பொண்ணு எழுதினா, இங்கிலீஷ்ல ‘ஃப்ரூட்ஸ் ஆஃப் விக்டரி’னா ஜெயிச்சதுக்கு அப்புறம் கிடைக்கிற சுகம், பதவி, கார், பங்களா. ஒரு வகையில அவ எழுதினதும் உண்மை தான்னு வெச்சுக்கோங்க.

‘வாஷ் அவுட்’டும் நம்ம தயாரிப்பு தான். எதிர்க்கட்சி வாஷ் அவுட்னு நாம சொல்றோம், அங்க வாஷ் அவுட்னா மழையில மேட்ச் நின்னு போறது இல்லன்னா மொத்தமா சொதப்பினது. சேப்பாக்கத்துல மழை வந்தா வாஷ் அவுட். ஒரு சீட்டு விடாம தோத்தா ‘ஒயிட்வாஷ்’.

பழைய சப் எடிட்டர்:
டீச்சரம்மா சொன்னதும் எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு, இதுல தான் நான் நிஜமா பயந்தேன். ‘ஆட்சியைக் கைப்பற்றியது’னு தமிழ் பேப்பர்ல தினம் வரும், அதை ஒரு புது பையன் ‘சீஸ்ட் பவர்’னு எழுதி அனுப்பிட்டான், ராத்திரி ஒண்ணரை மணி, பேஜ் போக பத்து நிமிஷம். ‘சீஸ்ட் பவர்’னா ராணுவம் டாங்கியோட வந்து கோட்டையை பிடிச்ச மாதிரி. மக்கள் ஓட்டு போட்டு குடுத்ததுக்கு ‘கேம் டு பவர்’ ‘வாஸ் வோட்டட் டு பவர்’, பெரிசா ஜெயிச்சிருந்தா ‘ஸ்வெப்ட் டு பவர்’. மாத்தினேன், பையன் கிட்ட கேட்டா ‘சார் தமிழ்ல கைப்பற்றினாங்கன்னு தானே இருக்கு’ங்கிறான். தமிழ்ல நாம எதையும் போர் மாதிரி தான் பேசுவோம், வாகை சூடுறதே போர்ல ஜெயிச்சவன் சூடுற பூ, தொல்காப்பியத்துல வாகைன்னு ஒரு திணையே இருக்கு. அந்த ரத்தத்தை இங்கிலீஷுக்கு அப்படியே கொண்டு போக முடியாது.

வியாசர்பாடி வேங்கை:
‘கன்டெஸ்டட் ஃப்ரம் விருதுநகர்’னு போடுறாங்களே அது சரியா சார்? அங்க இருந்து எங்க போனாரு?

பழைய சப் எடிட்டர்:
இந்திய இங்கிலீஷ்ல சரி, நம்ம பேப்பர் எல்லாம் அப்படித் தான். லண்டன்காரன் ‘ஸ்டுட் இன்’ ‘வாஸ் எலெக்டட் ஃபார்’னு போடுவான். நான் ‘ஃப்ரம்’மை விட்டுடுவேன், நமக்கு நாமே எழுதிக்கிறோம், அதுல என்ன வெக்கம். ஆனா காமராஜர் 1967ல விருதுநகர்ல 1,285 ஓட்டுல தோத்ததை ‘லாஸ்ட் ஃப்ரம் விருதுநகர்’னு எழுதினப்போ மட்டும் கை நடுங்கும், வார்த்தைக்காக இல்ல.

திருவல்லிக்கேணி டிடிபி:
அப்டேட். காலையில எட்டரைக்கே ஆளுங்க வந்துட்டாங்க. நான் ‘கங்கிராஜுலேஷன்ஸ் டு அவர் பிரசிடெண்ட் ஆன் வின்னிங் தி எலெக்ஷன் பை 37 வோட்ஸ்’னு டைப் பண்ணி காட்டினேன். 37ங்கிறது ரொம்ப கம்மியா தெரியுது எடுத்துடுன்னாங்க. எடுத்தேன். அப்போ லேண்ட்ஸ்லைட் போடுன்னாங்க, சார் சொன்னதெல்லாம் சொன்னேன், 1991 1996 எல்லாம் சொன்னேன், அதுல ஒருத்தர் பர்கூர் கதையை எடுத்துக்கிட்டு கால் மணி நேரம் பேசிட்டார். கடைசியில நெட்ல பாத்து ‘எ கன்வின்சிங் விக்டரி’னு போட்டேன், சரியான வார்த்தை தானே? போட்டதும் ஒரு அண்ணன் கோவமா ‘இன்னா தம்பி, எங்க தலைவர் ஒவ்வொருத்தனையும் கன்வின்ஸ் பண்ணி, கால்ல விழுந்து ஓட்டு வாங்கினார்னு எழுதுறியா’ன்னு கேட்டுட்டார்.

கீழ்ப்பாக்கம் டீச்சரம்மா:
ஐயோ, வார்த்தை நூத்துக்கு நூறு சரி. சந்தேகத்துக்கு இடமில்லாத வெற்றின்னு அர்த்தம். ஆனா நம்ம ஊர்ல கன்வின்ஸ் பண்றதுன்னா சமாதானப்படுத்தி சம்மதிக்க வைக்கிறது தான், வரன் பாக்குறப்போ பொண்ணோட அப்பாவை கன்வின்ஸ் பண்ற மாதிரி. அவர் கோவத்துல நியாயம் இருக்கு.

கிண்டி கேலரி:
ரேஸ்ல 37க்கு ‘கம்ஃபர்டபிள்’. 391ல 37னா நூத்துக்கு ஒன்பதரை, டி.நகர்ல ஒரு லட்சத்துக்கு மேல விழுந்த ஓட்டுல 137. அது மூக்கு நுனி, இது ரெண்டு குதிரை நீளம்.

திருவல்லிக்கேணி டிடிபி:
கம்ஃபர்டபிள் சொன்னேன், சோபா விளம்பரம் மாதிரி இருக்குன்னுட்டாங்க. கடைசியில டீச்சரம்மா சொன்ன ‘கங்கிராஜுலேஷன்ஸ் ஆன் யுவர் விக்டரி’ மட்டும் போட்டு, தலைவர் போட்டோவை பெரிசு பண்ணி, இங்கிலீஷை ஒரு விரக்கடைக்கு சுருக்கி பத்தேகாலுக்கு அனுப்பிட்டேன். எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

பெரம்பூர் லோகோ:
அப்போ நாங்க ராத்திரி முழுக்க எழுதினது ஒரு விரக்கடையா.

திருவல்லிக்கேணி டிடிபி:
அண்ணே கதை முடியல. இப்போ மதியம் தோத்தவரோட பையன் வந்திருக்கான். 177 பேருக்கும் நன்றி சொல்லி வாட்ஸாப்ல அனுப்ப ஒரு கார்டு வேணுமாம். தமிழ்ல ‘வெற்றி வாய்ப்பை இழந்த எங்கள் தந்தைக்கு வாக்களித்த’ன்னு எழுதிட்டு வந்திருக்கான், இங்கிலீஷ்லயும் வேணும்ங்கிறான். ‘லாஸ்ட் தி விக்டரி சான்ஸ்’னு அவனே போட்டிருக்கான்.

கீழ்ப்பாக்கம் டீச்சரம்மா:
இங்கிலீஷ்ல அந்த மரியாதை எல்லாம் கிடையாதுப்பா, ‘லாஸ்ட்’னா லாஸ்ட் தான். நன்றி கார்டுல அதை சொல்லவே வேணாம், ‘தேங்க் யூ டு தி 177 மெம்பர்ஸ் ஹூ வோட்டட் ஃபார் அஸ்’ போதும்.

திருவல்லிக்கேணி டிடிபி:
சொன்னேன் மேடம். இல்ல, ‘நேரோலி லாஸ்ட்’, அதாவது மயிரிழையில தோத்தார்னு, கண்டிப்பா இருக்கணுமாம். அந்த ‘நேரோலி’ய மட்டும் போல்டு பண்ண சொல்றான்.